அடிப்பக்கத்துப் பென்சில்

22 அக்டோபர் 2025, புதன்

மோனிஷா இந்த நோட்டை என் கையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறாள். கம்பெனிக்கு இருபது வருஷம் ஆகிறதாம். நவம்பர் பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பட்டறை வாசலில் விழாவாம். அதற்குள் நான் கம்பெனி வரலாறு எழுதித் தர வேண்டுமாம்.

"உங்கப்பன எழுதச் சொல்லேன்" என்றேன்.

"அவரு எழுதினா அளவுதான் எழுதுவாரு. நீதான் சித்தப்பா கதையா சொல்லுவ" என்றாள்.

ஐஸ் வைக்கிறாள். தெரிந்தும் உருகித் தொலைந்தேன்.

சரி, எழுதுகிறேன். டி.கே. போர்ட்ஸ். டி என்றால் என் அண்ணன் தேசிங்கு. கே என்றால் நான், கன்னியப்பன். அண்ணன் உள் அறையில் தெர்மாகோல் கட்டையை இழைத்து சர்ஃபிங் போர்டு வடிவத்துக்குக் கொண்டுவருவான். நான் வெளிப்பக்கத்தில் அதற்கு ஃபைபர் துணியை லேயர் லேயராக விரித்து ரெசின் பிசினை ஊற்றி முடிப்பேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு மரத்தாங்கி. அவன் அதில் வைப்பான், நான் எடுப்பேன். இதுதான் கம்பெனி, இதுதான் வரலாறு. இதற்கு ஒரு நோட்டா?

24 அக்டோபர், வெள்ளி

மழை. மழை நாளில் ரெசின் இறுகாது, பிசுபிசுக்கும். சும்மா உட்கார்ந்தால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பிரஷ்களை எல்லாம் இரண்டு தடவை கழுவினேன்.

ஆரம்பம் எழுதுகிறேன். சுனாமிக்குப் பிறகு குப்பத்துக்கு ஃபைபர் படகுகள் வந்தன. படகுக்கு ஒட்டுப்போட ஆள் வேண்டுமே என்று அண்ணனும் நானும் அந்த வேலை கற்றுக்கொண்டோம். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரன் மூக்கு உடைந்த போர்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். படகு மாதிரியேதானே இருக்கிறது என்று ஒட்டிக் கொடுத்தோம். போனவன் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

உடனே அண்ணனுக்கு மண்டைக்குள் வண்டு. "நாமளே ஒண்ணு செஞ்சா இன்னாடா?" என்றான். மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டிகளை உடைத்து ஒட்டி, நாலு நாள் இழைத்தான். என்ன அழகு தெரியுமா அது! நான் படகுக்குப் போடுகிற ரெசினைக் கலந்து மேலே ஊற்றினேன். சுர்ரென்று ஒரு சத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் குழி விழுந்தது. படகு ரெசினுக்கும் தெர்மாகோலுக்கும் ஆகாது, அது இதைக் கரைத்துவிடும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

"டேய், தின்னுதுடா! தெர்மாகோல தின்னுதுடா!" என்று அண்ணன் கத்தினான். நாலு நாள் வேலை கண்ணெதிரே உருகி ஒழுகுகிறது, இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம். அண்ணி வந்து பார்த்துவிட்டு இரண்டு பேருக்கும் ரெசின் வாடை தலைக்கு ஏறிவிட்டது என்றாள்.

அதற்குப் பிறகுதான் தெர்மாகோலுக்கு வேறு ரெசின் உண்டு என்று தெரிந்துகொண்டோம். டி.கே. முதல் நம்பர் 2005 நவம்பரில் தண்ணீரில் இறங்கியது.

25 அக்டோபர், சனி

நேற்று எழுதியதை மோனிஷா படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம், "இப்ப ஏன் ரெண்டு பேரும் பேசறதில்லன்னும் எழுதுவியா?" என்றாள்.

வரலாற்றில் அதெல்லாம் எதற்கு என்றேன்.

27 அக்டோபர், திங்கள்

இதை மோனிஷாவுக்குக் கொடுக்கும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவேன்.

நானும் அண்ணனும் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. ஆனால் ஒருநாள் வேலை நின்றதில்லை. எப்படி என்றால், பென்சில். இழைத்து முடித்த கட்டை மேல் அளவும் நம்பரும் எழுதுவது எல்லா ஊர் வழக்கமும்தான். அண்ணன் அதோடு எனக்குச் சொல்ல வேண்டியதையும் எழுதிவிடுவான். 'வால்ல ஒரு லேயர் கூட.' 'நீலம் வேணாமாம், சிவப்பு.' 'நாளைக்கு வர மாட்டேன், மாமியாருக்குக் காரியம்.' நான் படித்துவிட்டு அதன் மேலேயே துணியை விரித்து ரெசினை ஊற்றிவிடுவேன். எழுத்து உள்ளே மாட்டிக்கொள்ளும், அழியாது. எங்கள் குடும்பத்து நல்லது கெட்டதெல்லாம் எந்தெந்த நாட்டுக் கடலிலோ மிதக்கிறது. தமிழ் தெரிந்தவன் கையில் ஒரு போர்டு மாட்டினால் மானம் போய்விடும்.

ஆனால் அவனுக்கு ஒரு கிறுக்கு. எழுதுவதை மேல்பக்கம் எழுதிவிட்டுக் கட்டையைத் திருப்பி அடிப்பக்கமும் எழுதுவான். அதே வார்த்தை, அதே அளவு. ஒரு தடவை சொன்னால் எனக்குப் புரியாதா? நான் என்ன குருடனா? இத்தனை வருஷமாக இதே கூத்து. வயசானால் இப்படித்தான் போல.

29 அக்டோபர், புதன்

மோனிஷா பரணைக் குடைந்துவிட்டாள். உடைந்த போர்டின் முன்பாதி கிடைத்திருக்கிறது. 2016-இல் அவளுக்குப் பதினாலு வயசு. போட்டியில் அவளுக்குக் கீழே இரண்டாக உடைந்த போர்டு அது. அடியிலிருக்கிற துடுப்பு அவள் முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. பதினோரு தையல். இரண்டு வருஷம் கடல் பக்கமே போகவில்லை. இப்போது குப்பத்துப் பிள்ளைகளுக்கே அவள்தான் சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறாள், அது வேறு.

"இன்னொரு பாதி எங்க சித்தப்பா? ரெண்டையும் ஒட்டி விழாவுல வாசல்ல மாட்டலாம். உடைஞ்சதும் நம்ம வரலாறுதானே?"

"கடல் கொண்டுபோயிடுச்சிம்மா" என்றேன்.

"ஓ" என்றாள்.

பிரஷ் கழுவினேன்.

30 அக்டோபர், வியாழன்

காலையில் வந்து நிற்கிறாள். "சித்தப்பா, அன்னைக்கு எடுத்த போட்டோ பாரு. மத்த எல்லா போர்டுலயும் நம்ம லோகோ தலைப்பக்கம் இருக்கு. இதுல மட்டும் ஏன் நடுவுல இருக்கு?"

"மறந்து போட்டிருப்பேன்."

"அப்புறம் இன்னொண்ணு. கால்கயிறு போர்டோட வால்லதானே கட்டியிருக்கும்? என்னைக் கரைக்குத் தூக்கினு வரும்போது கயிறு என் கால்லதான் இருந்துச்சி. அப்போ பின்பாதி எப்படி கடல்ல போகும்?"

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலை வெட்டியே கிடையாதா? வேகமாக ரெசின் கலக்கப் போகிறவன் மாதிரி உள்ளே போய்விட்டேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழையில் எவன் ரெசின் கலக்குவான்? அவளுக்கும் அது தெரியும்.

1 நவம்பர், சனி

தூக்கம் சரியில்லை. சோறும் இறங்கவில்லை.

அஞ்சலை கேட்டாள்: "கட்டிலுக்கு அடியில கிடக்குதே, அத எடுத்துக் குடுத்தா இன்னா? ஒன்பது வருஷமா பெருக்கும்போதெல்லாம் கால்ல இடிக்குது."

"உன் வேலையப் பாரு."

"என் வேலையே அதான்யா, பெருக்கறது" என்றாள் என் மனைவி.

அதை எரித்திருக்கலாம். ஃபைபர் எரித்தால் ஊரே நாறும். அதனால்தான் எரிக்கவில்லை.

3 நவம்பர், திங்கள்

பட்டறைக்குப் போனால் தாங்கியில் ஒரு கட்டை. மேல்பக்கம் அண்ணன் கையெழுத்தில் 'மோனிஷா' என்று எழுதியிருந்தது.

அந்த விபத்துக்குப் பிறகு அவன் மகளுக்கு ஒரு போர்டுகூடச் செய்யவில்லை. ஊரெல்லாம் டி.கே. வாங்க வருகிறது, சொந்த மகள் வேறு கம்பெனி போர்டில் அலையேறுகிறாள். கேட்டால் பேச்சையே மாற்றிவிடுவான். விழா அன்றைக்கு முதல் ஆளாக அவள் நம் போர்டில்தான் இறங்க வேண்டும் என்று அண்ணி பிடிவாதம் பிடித்தாளாம். அதனால் இழைத்திருக்கிறான்.

மேல்பக்கம்: 'ரெண்டு லேயர்.' அடிப்பக்கம்: 'மேல ரெண்டு லேயர்.' தலையில் ஒன்று, வாலில் ஒன்று, ஓரத்தில் ஒன்று. எண்ணிப் பார்த்தேன், ஏழு இடம். சில இடத்தில் பென்சிலை அழுத்தி அழுத்தித் தெர்மாகோல் பள்ளம் விழுந்திருந்தது.

சிரிப்பு வரவில்லை. துணியையும் தொடவில்லை. மழை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மழையே இல்லை இன்றைக்கு.

4 நவம்பர், செவ்வாய்

வெயில். கட்டை அப்படியே தாங்கியில் இருக்கிறது. அண்ணன் இரண்டு தடவை எட்டிப் பார்த்தான். "ஈரக்காத்து அடிக்குதுன்னு உங்கப்பன்கிட்ட சொல்லு" என்று மோனிஷாவிடம் சொன்னேன். அவன் நாலடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"ரெசின் இறுக நாலு நாளு வேணும்னு உங்க சித்தப்பனுக்கு ஞாபகம் இருக்குதான்னு கேளு" என்றான் அவன்.

"ரெண்டு பேருக்கும் போஸ்ட்மேன் வேலை பாக்கறதுக்கு நான் வேற ஏதாச்சும் பொழப்பப் பாக்கலாம்" என்று அவள் போய்விட்டாள்.

6 நவம்பர், வியாழன்

எழுதித் தொலைக்கிறேன்.

2016, போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அந்தக் கட்டையை வெளியே வைத்தான். அலையில் வேகமாகத் திரும்ப வேண்டும் என்று நடுவில் மெலிசாக இழைத்திருந்தான். துணிச்சுருள் தீரும் நிலையில் இருந்தது. ஒரு லேயருக்குத்தான் வரும். புதுச்சுருள் மறுநாள் மாலை பாரிமுனையிலிருந்து வர வேண்டும். அதுவரை காத்திருந்தால் ரெசின் இறுகாது. ஒரு லேயர் போதும் என்று நினைத்தேன். பிள்ளை எடை என்ன, நாற்பது கிலோ. போட்டேன். உடைந்தது.

கரையில் எல்லோர் முன்னாலும் அண்ணன் என்னைப் பார்த்து, "ஒரு புள்ளையப் பெத்து வளத்திருந்தா உனக்குத் தெரியும்டா" என்றான்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அஞ்சலையும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு எவன் பேசுவான்? நீங்களே சொல்லுங்கள். அந்த வார்த்தைக்குப் பிறகு எவன் பேசுவான்?

7 நவம்பர், வெள்ளி

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது.

அந்தக் கட்டையில் அவன் எழுதியிருந்தான். நட்ட நடுவில். 'இங்க மெலிசு. ரெண்டு லேயர் போடு.' அப்போதெல்லாம் ஒரு பக்கம்தான் எழுதுவான். நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் ஒரு லேயர் போட்டேன். ரெசின் ஊற்றினாலும் பென்சில் வெளியே தெரியுமே, பார்த்தால் கத்துவானே என்று லோகோவை எடுத்துச் சரியாக அதன் மேல் வைத்தேன். எங்கள் லோகோ சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு முழு நீல வட்டம். அடியில் என்ன இருந்தாலும் தெரியாது.

கரையில் அண்ணன் ஓடி வந்தான். மோனிஷா காலில் ரத்தம். "ரெண்டு லேயர்னு எழுதியிருந்தனேடா?" என்றான்.

"எங்க எழுதின? ஒண்ணுமே எழுதல" என்றேன் நான்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். தனக்குள்ளேயே தேடுகிற மாதிரி நின்றான். அப்புறம்தான் அந்தப் பிள்ளை வார்த்தையைச் சொன்னான்.

அவன் சொன்னதால்தான் நான் கோபத்தில் பொய் சொன்னேன் என்று ஒன்பது வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். வரிசை அப்படி இல்லை. முதலில் பொய். அப்புறம்தான் அந்த வார்த்தை.

எல்லோரும் பிள்ளையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்கு முன்பே அவள் காலிலிருந்து கயிற்றை நான் அவிழ்த்துவிட்டிருந்தேன். அவர்கள் போனதும் பின்பாதியை வீட்டுக்குத் தூக்கிவந்தேன். லோகோ அதில்தான் இருக்கிறது.

அடுத்த போர்டிலிருந்து அவன் இரண்டு பக்கமும் எழுத ஆரம்பித்தான். கிறுக்கு என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள், அக்டோபர் இருபத்தேழாம் தேதி. எதனால் வந்த கிறுக்கு என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒவ்வொரு போர்டைத் திருப்பும்போதும் தெரியும்.

8 நவம்பர், சனி

ஒன்றும் செய்யவில்லை.

9 நவம்பர், ஞாயிறு

கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தேன். அஞ்சலை பழைய துணியால் தூசி தட்டிக் கொடுத்தாள்.

பட்டறையில் யாரும் இல்லை. மணல்தாளை எடுத்து லோகோ மேல் தேய்த்தேன். மெதுவாகத் தேய்க்க வேண்டும், கொஞ்சம் அழுத்தினால் எழுத்தும் போய்விடும். ஒரு கணம் அழுத்திவிடலாமா என்று கை போனது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நீலம் போய், வெள்ளை வந்து, அதற்குள்ளிருந்து பென்சில் வந்தது. 'இங்க மெலிசு. ரெண்டு லே.' மீதி உடைந்த இடத்தோடு போயிருந்தது. அண்ணனின் 'ரெ' எப்போதும் கோணலாகத்தான் இருக்கும். இருபது வருஷமாக அதே கோணல்.

10 நவம்பர், திங்கள்

காலை ஒன்பது மணிக்கு உள் அறைக்குப் போனேன். ஒன்பது வருஷத்தில் அந்த வாசலை நான் தாண்டியதில்லை. அண்ணன் முகமூடி போட்டுக்கொண்டு இழைத்துக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் வெள்ளைத் தூள். என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினான். நான் பின்பாதியை அவன் முன்னால் இருந்த கட்டை மேலேயே வைத்தேன்.

அவன் முதலில் என்ன என்று புரியாமல் பார்த்தான். அப்புறம் குனிந்தான். முகமூடியைக் கழற்றினான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தான். விரலை எழுத்து மேல் வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினான், ஒன்றாங்கிளாஸ் பிள்ளை படிக்கிற மாதிரி.

"எழுதித்தான் இருந்தேனா?" என்றான்.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தை இதுதான். என்னைத் திட்டுவான், அடிப்பான் என்று நினைத்துப் போயிருந்தேன். இதற்குத் தயாராகப் போகவில்லை.

"நீ எழுதியிருந்தண்ணா. நான் படிச்சேன். படிச்சிட்டுத்தான் போடல. லோகோ வச்சி மறைச்சதும் நான்தான்."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். "என் புள்ளைக்கு நானே... மறந்துட்டேன்னு..." அவ்வளவுதான் சொன்னான்.

நான் பக்கத்தில் போனேன். அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. கையில் கிடைத்த மணல்தாள் சுற்றிய பலகையைத் தூக்கி எறிந்தான். அது என் தோளில் பட்டுச் சுவரில் போய் விழுந்தது. "போடா வெளிய! வெளிய போடா!" என்று கத்தினான். குப்பமே கேட்டிருக்கும்.

வெளியே வந்தால் மோனிஷா நிற்கிறாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். அவள் கண்ணை நான் பார்க்கவில்லை.

11 நவம்பர், செவ்வாய்

பட்டறை பூட்டிக் கிடக்கிறது. நிலைப்படி மேல் இருக்கும் சாவியை அண்ணன் எடுத்துப்போயிருக்கிறான். வீட்டு வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். "நிலத்துல குழி வுழுந்துடப் போவுது" என்றாள் அஞ்சலை.

மத்தியானம் மோனிஷா வந்தாள். உட்கார்ந்து அஞ்சலை வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டாள். கைகழுவிவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"எனக்கு வலிச்சது பெரிசில்ல சித்தப்பா. எங்கப்பா ஒவ்வொரு போட்டிக்கும் கரையில நிக்காம வீட்டுக்கு ஓடிடுவாரு. ஏன்னு எனக்குத் தெரியாமலே போச்சி. அதுக்குத்தான் உன் மேல கோவம்."

"மன்னிச்சிடும்மா."

"தெரியல. பாக்கலாம்."

போகும்போது வாசலில் நின்று, "அப்பா சித்திகிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. அன்னைக்கு அந்த வார்த்தைய சொல்லியிருக்கக் கூடாதாம்" என்றாள். அஞ்சலை அடுப்படிக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

12 நவம்பர், புதன்

காலையில் பட்டறை திறந்திருந்தது. உள்ளே மிஷின் சத்தம். எனக்கு முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை. நேராகத் தாங்கிக்குப் போனேன்.

மோனிஷாவின் கட்டை. மேல்பக்கம் அளவு, அவள் பேர், நட்ட நடுவில் 'ரெண்டு லேயர்.' தலையிலும் வாலிலும் ஓரத்திலும் எழுதியிருந்தது எதுவும் இப்போது இல்லை.

கட்டையைத் திருப்பினேன். அடிப்பக்கம் வெறும் வெள்ளை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன். பென்சில் பள்ளம்கூடத் தெரியாமல் மணல்தாள் போட்டுச் சுத்தமாகத் தேய்த்திருந்தான். அழுகை வந்துவிட்டது. அறைக்குள் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது, நல்லவேளை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு துணிச்சுருளைப் பிரித்தேன். முதல் லேயரை வெட்டினேன். இரண்டாவதை வெட்டும்போது மிஷின் நின்றது. அண்ணன் வாசலில் வந்து நின்றான். நான் நிமிரவில்லை. கத்தரிக்கோல் ஓரம் வரை போகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றான்.

"லோகோவ தலைப்பக்கம் வையி" என்றான்.

"சரிண்ணா" என்றேன்.